நாற்பதாவது எண்

முப்பத்தொன்பதாவது எண்ணுக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அவள் ரிசீவரை வைத்தாள்.

தலைக்கு மேலே ஏசி ஒரு சொட்டு விட்டது. கீழே வாளி அதை வாங்கிக்கொண்டது.

“எத்தனை ஆமா?” மேலாளர் ஃபைலிலிருந்து நிமிராமலே கேட்டார்.

“பத்தொன்பது சார். இன்னும் ஒண்ணு பாக்கி.”

அரசாங்க உதவியில் நடக்கும் பயிற்சி மையம் அது. போன வருடம் ஏசி மெக்கானிக் வகுப்பில் நாற்பது பேர் தேறி வெளியே போயிருந்தார்கள். அவர்களில் இருபது பேராவது அந்தத் தொழிலில் இருந்தால்தான் இந்த வருடமும் வகுப்பு நடக்கும். வகுப்பு நடந்தால் அவளுக்கும் இந்த நாற்காலி நிலைக்கும். இல்லையென்றால் அன்று மாலை ஐந்து மணியோடு எல்லாம் முடிந்தது.

பட்டியலில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். கேள்வியும் ஒன்றுதான்: கற்றுக்கொண்ட தொழிலை இன்று செய்கிறீர்களா? பேசுவதெல்லாம் பதிவாகும்.

“ஆமாவா, இல்லையா. கதை வேணாம்மா” என்று மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு.

பத்து நாளாக அவளுக்குக் கதைதான் கிடைத்தது.

“வேலைதான்க்கா, மாமியார் வீட்ல. லீவே கிடையாது” என்று ஒருத்தி சிரித்தாள்.

துணிக்கடையில் நிற்கிற ஒருவன் கெஞ்சினான். “நாள் முழுக்க ஏசிக்கு நேர் கீழதான் நிக்கிறேன். ஆமான்னு போட்டுக்குங்களேன்.”

அவள் போடவில்லை. இரண்டு பேருக்கும் ‘இல்லை’தான்.

நாற்பதாவது எண்ணை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சொட்டு விழுந்தது.

எழுந்து போய் ஏசியை அணைத்தாள். மேசை மேல் ஏறினாள்.

“ஏம்மா, உனக்கெதுக்கு இந்த வேலை? மெக்கானிக் வருவான்.”

“எப்ப சார்?”

“எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதிப் போட்டு எட்டு மாசமாச்சு. வராமலா போவான்?”

மூடியைத் திறந்து வலைகளை உருவினாள். தூசி கம்பளி மாதிரி திரண்டிருந்தது. குழாயடியில் கழுவி, உதறி, திரும்ப மாட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போய், சுவரோரம் தண்ணீர் வடிகிற குழாயைப் பார்த்தாள். அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குத்தி எடுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் குபுக்கென்று அவள் செருப்பின் மேல் கொட்டியது.

உள்ளே வந்து ஏசியைப் போட்டாள். கால்மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். சொட்டவில்லை.

மேலாளரும் அண்ணாந்து பார்த்தார். வாளியை வெளியே எடுத்துப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, அதே இடத்தில் வைத்தார்.

“இருக்கட்டும். மெக்கானிக் வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்.”

மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் உட்கார்ந்து ரிசீவரை எடுத்து, நாற்பதாவது எண்ணைப் பட்டியலைப் பார்க்காமல், மனப்பாடமாக அழுத்தினாள்.

கைப்பைக்குள் அவளுடைய போன் அடித்தது.

“உன் போன்தாம்மா. முதல்ல அதை எடுத்துப் பேசு” என்றார் மேலாளர்.

எடுத்தாள். ஒரு காதில் ரிசீவர், மறு காதில் கைபேசி.

“வணக்கம். பயிற்சி மையத்துலேர்ந்து பேசறோம். நீங்க கத்துக்கிட்ட தொழிலை இன்னைக்குச் செய்றீங்களா?”



அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் குளவிக் கூட்டின் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

“ஆமா” என்றாள்.