மூன்று சங்கரா மீன்கள்

"தீ எரியுறப்ப மீனை வைக்கிறவன் மடையன் மாப்ள. தீ அடங்கணும். அப்புறம்தான் சமையல்" என்றார் அருள்பிரகாஷ்.

அருள்பிரகாஷ் என் மனைவி பிரின்ஸியின் அண்ணன். தோகாவில் ஒன்பது வருடம் கரி அடுப்பின் முன் நின்றவர்.

கீழ்வேளூரில் அவர் வீட்டுக் கொல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சம்பா அறுத்த தாளுக்குள் உளுந்து பச்சையாக நின்றது. பழைய எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டிருந்தார். அதுதான் அடுப்பு.

பிரின்ஸி இறந்து ஏழு மாதம். அடக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் நாகப்பட்டினம் ரோட்டில் கடை திறக்கிறார். திங்கட்கிழமை மில்லில் முப்பது கிலோ மசாலா அரைக்கக் கொடுக்க வேண்டும். மூன்று மசாலாவில் எது என்று இன்று நான் சொல்ல வேண்டும்.

ஒரு சிட்டிகை உப்பு குறைந்தாலும் எங்க வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார் என்று பிரின்ஸி போனில் அண்ணனிடம் பெருமை பேசியிருக்கிறாள். அவர் அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகு என் நாக்கில் எதுவும் தெரிவதில்லை. உப்பு, காரம், புளி எல்லாம் ஒன்றுதான். டாக்டர் குறை ஒன்றுமில்லை என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க நிறைய இருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றவில்லை. ஊற்றினால் மீன் கடைசிவரை மண்ணெண்ணெய்தான் என்றார். நாலு கொட்டாங்கச்சியைப் பற்றவைத்து அதன் மேல் கருவைக் கரியைக் கோபுரமாக அடுக்கினார். போன வருடக் காலண்டர் அட்டையால் விசிறினார்.

தீ ஆடி அடங்கியது. கரியின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பூத்தது. உள்ளே மட்டும் சிவப்பு.

கரி முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளினார். மறுபக்கம் காலி. தோல் முறுக சூடான பக்கம். உள்ளே வேக காலிப் பக்கம். வலைக்கு மேல் உள்ளங்கையை நீட்டி நான்கு வரை எண்ணினார். ஐந்தாவது எண்ணும் முன் கையை எடுத்தார்.

"இப்ப சரி."

பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு வலை முழுக்கத் தேய்த்தார். நான் இன்ஜினியரிங் படித்தவன். இந்த அளவு ஒழுங்கை எந்த லேபிலும் பார்த்ததில்லை.

மசாலாவையும் அப்படித்தான் சேர்த்தார். சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, நோட்டில் எழுதி, கலந்தார். விரல் நுனியைக்கூட நக்கிப் பார்க்கவில்லை. கைதேர்ந்தவர்களுக்கு அது வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மூன்று சங்கரா. முதல் மசாலா போட்டதன் வாலருகே ஒரு கீறல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. மாறிவிடக் கூடாது அல்லவா.

மீன் வலையைத் தொட்டதும் சீறியது. நான் இடுக்கியை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"அதுவா விடும் மாப்ள. நாம இழுத்தா தோலு அங்கயே தங்கிடும்."

அடுப்புப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சீறல் மெல்ல இறங்கியது. வால் லேசாக நிமிர்ந்தது. இடுக்கியால் ஒரே திருப்பு. தோல் கிழியவில்லை. செம்பு நிறத்தில் வலையின் கோடுகள் விழுந்திருந்தன. மீனின் நெய் சொட்டிய இடத்தில் நீலமாக ஒரு புகை எழுந்து மீனைச் சுற்றிக்கொண்டது.

அவர் மனைவி ஃபெபி அக்கா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவக்காலத்தில் மீனும் தொடுவதில்லை என்று நேர்ச்சை.

"மூணு மீனைச் சுட ரெண்டு மணி நேரம். கடைக்கு வர்றவன் பாயி தலகாணியோடதான் வரணும்" என்றார்.

"பசியோட வந்தா போதும்டி."

"எதுன்னு சீக்கிரம் சொல்லுங்க தம்பி. இவரு ராத்திரியெல்லாம் தூங்கல." எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனார்.

மூன்று மீனும் வாழையிலைக்கு வந்தன.

முதலாவதைப் பிட்டேன். தோல் அப்பளம்போல் நொறுங்கியது. உள்ளே சதை ஈரமாக, இதழ் இதழாகப் பிரிந்தது. வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது. புகை மூக்குவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

இரண்டாவது. மூன்றாவது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

இரண்டு என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். நடுவில் இருப்பது பெரிதாகத் தவறாக இருக்காது.

ஆனால் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். அந்த வேலைக்கு முன்னால் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ருசி தெரியல மச்சான்" என்றேன். "மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. அவ போனதுலேருந்து எதுவுமே தெரியல."

அவர் கோபப்படவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தார். மூன்று மீனிலும் ஒவ்வொரு துண்டு கிள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக மென்றார்.

வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும்தான் மாப்ள" என்றார். "ஃபெபிகிட்ட சொல்லிடாதீங்க."