நடு ஸ்பீக்கர்

ஹோம் தியேட்டருக்கு நடு ஸ்பீக்கர் வாங்க, புகழேந்தியும் கயல்விழியும் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் கடைக்குப் போனார்கள். போட்டுக் கேட்பதற்குத் தங்கள் கல்யாண வீடியோவை எடுத்துப் போயிருந்தார்கள்.

“பேச்செல்லாம் இதுலதான் சார் வரும்,” என்று கடைக்காரர் மற்ற ஸ்பீக்கர்களை அணைத்தார்.

திரையில் மணமக்கள், மேடை நாற்காலியில் வைத்திருந்த புகழேந்தியின் அம்மா படத்தின் முன் விழுந்து கும்பிட்டார்கள். அவர் இறந்தது கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு.

“நல்லா இருங்க. போதும், எந்திரிங்க,” என்றது ஸ்பீக்கர். இருவரும் எழுந்தார்கள்.

“அந்தம்மா குரல் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க,” என்றார் கடைக்காரர்.

புகழேந்தி வேறொரு ஸ்பீக்கரில் போடச் சொன்னான். அதிலும் அம்மாவின் அதே குரல். மூன்றாவதிலும்.

“எதுவும் வேணாங்க, வாங்க போவோம்,” என்றாள் கயல்விழி.

வீட்டுக்கு வந்ததும் புகழேந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவியில் வீடியோவைப் போட்டான். நாதஸ்வரம் மட்டும் கேட்டது. மணமக்கள் படத்தின் முன் விழுந்தார்கள்.

நாதஸ்வரம் நின்றது. கூட்டம் பந்திக்குப் போனது.

“எந்திரிங்க,” என்றாள் கயல்விழி, டிவியைப் பார்த்து.

திரையில் வாடகை நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். படம் இருந்த நாற்காலியையும் எடுத்துப் போனார்கள். விழுந்த மணமக்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.