வேலாயுதனின் தலைச்சுமை

"இனாசேட்டா, அந்த நாற்காலியில நடக்கிற வேலை எங்க யூனியனோடது. சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

நீலச் சட்டை போட்ட நாலு பேரோடு என் அச்சகத்துக்குள் நின்றார் மொய்துண்ணி. குன்னங்குளத்தில் எந்த லாரியிலிருந்து எந்த மூட்டை இறங்கினாலும் அவருடைய ஆட்கள்தான் இறக்கணும். சரி, ஊர் வழக்கம். அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னய்யா சம்பந்தம்?

நாற்காலியில் இருந்தவன் வேலாயுதன். அவனும் ஒரு காலத்தில் நீலச் சட்டைதான். ஒன்றரை வருஷம் முன்னால் என் கடைக்கு வந்த காகிதப் பண்டலோடு லாரிப் பலகையில் வழுக்கி விழுந்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. நான்தான் மனசு கேட்காமல் வேலை கொடுத்தேன். இனாசுக்குத் தங்கமான மனசு என்று ஊரே சொல்லும். நானும் மறுத்ததில்லை.

கம்ப்யூட்டர் மேலே ஒரு சின்ன கேமரா. அது வேலாயுதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். மூக்கு போகிற பக்கம் திரையில் அம்பு போகும். வாயைத் திறந்தால் கிளிக். அவ்வளவுதான், கல்யாணப் பத்திரிகை தயார். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"இதுல சுமை எங்கேய்யா இருக்கு?" என்றேன்.

"டேய் வேலாயுதா, இப்ப என்ன பண்ணினே?" என்று கேட்டார் மொய்துண்ணி.

வேலாயுதன் முகத்தைத் திருப்பினான். "பொண்ணு போட்டோவை எடுத்து மாப்பிள்ளை பக்கத்துல வெச்சேன், மொய்துண்ணி இக்கா."

"கேட்டீங்களா? ஒரு இடத்துல எடுத்தான், இன்னொரு இடத்துல இறக்கினான். கையாலயா? தலையால. அதுக்குப் பேர் சுமை இல்லாம என்ன?"

"பொண்ணு எத்தனை கிலோ?"

"அது உங்க மெஷின்தான் சொல்லணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேரா நோக்குகூலி கேளுங்களேன். சும்மா நின்னு பார்த்ததுக்குக் கூலி. உங்களுக்கு அது புதுசா? இப்படித் தொல்லை பண்ணினா எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவனை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளை உட்கார வெச்சுப்பேன்."

வேலாயுதன் பதறி ஏதோ சொல்ல வந்தான். முகத்தைத் திருப்ப மறந்துவிட்டான். திரையில் மடமடவென்று ஏழெட்டு கிளிக் விழுந்தது. வாயை மூடிக்கொண்டான். இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு நாதி இல்லை. எனக்குத் தெரியாதா?

"வேற ஆள் எதுக்கு? எங்க ஆளே செய்வான்," என்றார் மொய்துண்ணி.

நாலு நீலச் சட்டையில் ஒருவனான குட்டப்பன், வேலாயுதனை நாற்காலியோடு ஓரமாக நகர்த்திவிட்டுக் கேமரா முன்னால் உட்கார்ந்தான். வாய் நிறைய வெற்றிலை. அவன் வெற்றிலையை ஒரு தடவை மென்றால் திரையில் ஒரு மாப்பிள்ளை வந்து விழுந்தான். ஒரே பத்திரிகையில் நாற்பத்து மூன்று மாப்பிள்ளை.

அடுத்தவன் உட்கார்ந்ததும் தும்மினான். பெண், மாப்பிள்ளை, முகூர்த்தம் எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று.

"பாருங்க, எங்க ஆளுங்கள்ல வேலாயுதன் ஒருத்தனுக்குத்தான் இது வருது," என்றார் மொய்துண்ணி, பெருமையோடு. "எங்க வேலையை எங்க ஆள் செய்யுறான். அதை ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்து போடுங்க. போயிடுறோம்."

விடுவேனா? லேபர் ஆபீஸுக்கு மனு போட்டேன். மனுவை அடித்துக் கொடுத்ததும் வேலாயுதன்தான், வேறு யார் இருக்கிறார்கள்? 'யூனியனின் அட்டகாசம்' என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டு அடிக்கோடும் இழுத்திருந்தான். தொழிலில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானம் லேபர் ஆபீசர் உஷாகுமாரி மேடம் வந்தார்; பின்னாலேயே மொய்துண்ணியும் ஆட்களும் வந்து நின்றார்கள். குடையை மடக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் வேலாயுதனின் மூக்கையே பார்த்தார்.

"இவர் பேர் உங்க ரிஜிஸ்டர்ல எங்கே?"

"மேடம், இவன் எனக்கு வீட்டு ஆள் மாதிரி. வீட்டு ஆளை யாராவது ரிஜிஸ்டர்ல எழுதுவாங்களா?"

"அந்த வீட்டு ஆளைத்தான் நேத்து வீட்டுக்கு அனுப்புறேன்னார்," என்றார் மொய்துண்ணி.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை இழுத்து அவரே எழுதினார். 'வேலாயுதன். சுமைத் தொழிலாளி. எடுத்து வைத்தல், தலையால்.' எடை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

"கையெழுத்து போடுங்க. இல்லேன்னா ரிஜிஸ்டர் இல்லாம ஆள் வெச்சதுக்கு உங்க மேல ஒரு மனு வரும். அதையும் இவர்தான் அடிக்கணும்."

போட்டேன். அதிலிருந்து ஒரு நகலும் எடுத்து மொய்துண்ணியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் குடையோடு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தேன். "ஜெயிச்சாச்சுல்ல? நோக்குகூலி எவ்வளவுன்னு சொல்லித் தொலைங்க."

மொய்துண்ணி இழுப்பறைப் பக்கம் திரும்பவே இல்லை. நகலை நாலாக மடித்து வேலாயுதனின் சட்டைப் பையில் வைத்தார். வேலாயுதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை வராதே, குட்டப்பன் தோள் துண்டால் துடைத்துவிட்டான்.

"காசு வேண்டாம், இனாசேட்டா. மாசாமாசம் சுமை எடுத்ததாக் கணக்கு இருந்தாத்தான் யூனியன் கார்டு நிக்கும். கார்டு நின்னாத்தான் இவனுக்கு மருந்து மாத்திரை. உங்க பண்டலோட விழுந்த நாள்லேர்ந்து இவன் பேர்ல நாங்க அஞ்சு பேரும் முறை வெச்சுத் தூக்குறோம். எங்களுக்கு அது பாரமா தெரியலை. இவனுக்குத்தான் வெட்கமா இருக்காம். இன்னியிலேர்ந்து இவன் சுமையை இவனே எடுக்கட்டும்."