சாய்ந்த குச்சிகள்

பொறி என் பெருவிரலைக் கவ்வியபோது வலிக்கவில்லை. சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. என் மனைவி பிலோமின் அடுப்படியிலிருந்து வந்து, ஸ்பிரிங்கை அமுக்கி விரலை விடுவித்துவிட்டு, மறுபடி மாவு பிசையப் போனாள்.

ரோமத்துக்காக நாங்கள் பிடிக்கிற கஸ்தூரி எலி எந்தப் பக்கமிருந்து கால் வைத்தாலும் மாட்ட வேண்டும் என்று, பொறியின் மிதிதட்டில் ஒரு தகர மூடியை ஈயம் வைத்து ஒட்டி அகலமாக்கியிருந்தேன். கண்டுபிடிப்பு அருமையாக வேலை செய்தது. முதலில் மாட்டியவன் கண்டுபிடித்தவன்.

ஆனால் பொறியை விரித்து மேசையில் விட்டுப் போனது யார் என்று கேட்டேன். பிலோமின் மாவைத் திருப்பிப் போட்டாள். வேறு யார், உன் தம்பியாகத்தான் இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அவள் தம்பி இசிடோரும் நானும் சஸ்காச்சுவான் ஆற்றுச் சதுப்பில் கூட்டாகப் பொறி வைக்கிறவர்கள். போன இலையுதிர்காலத்து மூஸ் மான் வேட்டையில் அவனுக்கு முட்டி பிசகிவிட்டது. அதனால் பனிவண்டியை அவன் ஓட்டட்டும், வண்டிப் பாதையை ஒட்டிய எலி மேடுகளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன்.

முட்டியைவிட அவன் மறதிதான் எனக்குக் கவலையாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒருவன் குடிக்கலாம், புளுகலாம், அடுத்தவன் நாயை உதைக்கக்கூடச் செய்யலாம். நாணல் மேட்டைத் திறந்து போட்டுவிட்டு மட்டும் வரக் கூடாது. உறைந்த நீருக்கு மேலே எலிகள் நாணலைக் குவித்துக் கட்டும் அந்த மேடுதான் அவற்றுக்கு மூச்சுக்குழி. பக்கவாட்டில் வெட்டித் திறந்து, உள்ளே பொறி வைத்து, நாணலும் பனியும் திணித்து அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் குழி உறைந்துபோகும். பொறிக்குத் தப்பியவையும் அடியில் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

இந்தப் பருவத்தில் போகிற இடமெல்லாம் திறந்த மேடுகளாகக் கண்ணில் பட்டன. மச்சினன் மனசு நோகக் கூடாதே என்று நான் வாயைத் திறக்கவில்லை. பதிலாக இன்னொரு கண்டுபிடிப்பில் இறங்கினேன்.

பொறிச் சங்கிலியைக் கட்டுகிற குச்சியை நீளமாக்கி, நுனியில் என் பழைய சட்டையைக் கிழித்துச் சிவப்புத் துணி கட்டினேன். மேட்டை இறுக்கி அடைத்தால்தான் குச்சி நிமிர்ந்து நிற்கும். அடைக்க மறந்தால் சாய்ந்து விழுந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். எனக்கு வயசாகிறது மாப்ள, ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்று பழியை என் மேலேயே போட்டுக்கொண்டேன். அவன் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்லா இருக்கு என்றான், குச்சியைப் பார்த்தே.

மறுநாள் போனால் பாதித் துணிகள் பனியில் படுத்துக் கிடந்தன. நான் வைத்ததாக நினைவிருந்தவை எல்லாம் விறைப்பாக நின்றன. மிச்சம் அவனுடையவையாகத்தானே இருக்க வேண்டும். ஒரு மேட்டைக் கோடரியால் தட்டினேன். கல்லாகியிருந்தது. கோபமாவது வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது இசிடோர் வண்டியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். என் கையுறைகளில் முழங்கை வரை ஈரமும் சேறும். அவனுடையவை அப்போதுதான் கடையில் வாங்கியவை போலக் காய்ந்திருந்தன.

"பொறி வச்சும் கை நனையாத துரை நீ ஒருத்தன்தான்டா" என்றேன்.

அவன் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் கையுறைகளைக் கழற்றி எஞ்சின் மேல் காயப் போட்டான்.

அன்று சாப்பிடும்போது பிலோமினிடம் விஷயத்தை உடைத்தேன். மேட்டை மூட மறக்கிறவன், மெல்லிய பனிக்கட்டி எங்கே இருக்கிறது என்பதையும் ஒருநாள் மறப்பான், வண்டியோடு உள்ளே போவான். இனி சதுப்புப் பக்கமே விடக் கூடாது என்றேன். சதுப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஆள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்த மனுஷன் தாங்குமா?"

தாங்கித்தான் ஆக வேண்டும் என்றேன். எத்தனையோ பேர் தாங்கியிருக்கிறார்கள். வேண்டுமானால் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலையில் பாதி வழியிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். எதிரே ஒரு மேடு வாயைப் பிளந்து கிடந்தது. இசிடோர் எஞ்சினை அணைத்தான். சதுப்பு முழுக்க ஒரு சத்தமில்லை.

"மாப்ள, ஒளிக்காம சொல்லு. மறதி வந்துடுச்சா?"

குளிர்காற்றில் அவன் கண்ணில் நீர் வடிந்தது.

"யாரா இருந்தாலும் மறக்கிற ஆள் இனிமே இங்க வரக் கூடாது. உன் அக்காகிட்டயும் சொல்லிட்டேன். அது நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"அப்போ நீயே வாயால சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவன் கையுறையைக் கழற்றி, என் விறைத்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"அத்தான், இந்த வருஷம் நான் ஒரு பொறிகூட வைக்கல."