பாட்டுக்கு மட்டும் அனுமதி

"அந்த ஆளோட பாட்டு இந்த வீட்டுல கேட்கக் கூடாதுன்னா கூடாதுதான்!"

மைக்செட்காரர் கத்தினார். அவரைவிடப் பெரிதாகக் கத்தியது தொட்டிலில் கிடந்த பிள்ளை. மேஜையில் மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தொட்டிலை ஆட்டி ஆட்டி மனைவிக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

"அவர் பாட்டைப் போட்டாத்தான் இவன் தூங்குறான். நான் என்ன செய்யட்டும்?"

"அன்னைக்குக் கச்சேரியில அத்தனை பேர் முன்னாடி, 'இந்த முட்டாளை யாருய்யா கூட்டிட்டு வந்தது'ன்னு மைக்குலயே கேட்டாரே, மறந்துட்டியா? மைக்கோட போய் ஸ்பீக்கர்கிட்ட நின்னா அது ஊளையிடத்தான் செய்யும். நின்னது அவர், திட்டு எனக்கு!"

"குரல் தேன், நாக்கு தேள். எனக்குத் தெரியாதா? அவர்கூட ஒரு நாள் இருக்க முடியாது. அதுக்குப் பாட்டு என்னங்க பாவம் பண்ணுச்சு? பாட்டு வேற, ஆளு வேற."

"ரெண்டும் ஒரே வாயிலேருந்துதானே வருது?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் மைக்செட்காரர். போனில் வேறு பாடகர்களை ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார். பிள்ளை யாருக்கும் மசியவில்லை. கடைசியில் தானே பாடினார். பிள்ளை ஒரு நொடி திகைத்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அலறியது.

"மைக் ஊளையிட்டதே தேவலைங்க," என்றாள் மனைவி.

"சரி, அவர் பாட்டையே போட்டுத் தொலை. பிள்ளைக்காகத்தான். பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி, ஆளுக்கு இல்லை."

பாட்டு ஆரம்பித்தது. தொழில் பழகிய கை சும்மா இருக்குமா? சத்தம் மெத்தென்று வரட்டும் என்று போனைத் துண்டில் சுற்றித் தொட்டிலுக்கு அடியில் வைத்தார். பிள்ளை கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டது. இவர் தலையும் தன்னால் ஆட ஆரம்பித்தது.

'பாவி மனுஷன், என்னமா பாடுறார்!' நினைத்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது.

பாதிப் பாட்டிலேயே பிள்ளை தூங்கிவிட்டது. அவர் குனிந்து போனை அணைத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

விட்ட இடத்திலிருந்து அடுத்த வரி வந்தது. துண்டை உதறிப் பார்த்தார். போன் அணைந்துதான் இருந்தது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

கதவைத் திறந்தார். படிக்கட்டில், கையில் ஒரு கிலுகிலுப்பையோடு நின்றுகொண்டிருந்தார் அந்தப் பாடகர்.

"அன்னைக்கு மேடையில நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க," என்றார் தணிந்த குரலில். "பாட்டுதான் உள்ளே வந்திருச்சே... ஆளும் வந்து பேரனை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா, மாப்பிள்ளை?"

மைக்செட்காரர் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வழிவிட்டு நின்றார்.

"வாங்க, மாமா. ஆனா ஸ்பீக்கர் இப்பத்தான் அடங்கியிருக்கு, கிட்டப் போய் நின்னுடாதீங்க!"