இரண்டாவது படிக்கட்டு

கட்டடக்கலை முதலாமாண்டு வகுப்பில் எல்லாருக்கும் பதினெட்டு வயது. அவளுக்கு மட்டும் நாற்பத்திரண்டு. ஆசிரியர் உட்பட எல்லாருக்கும் அவள் ‘அக்கா’.

“இங்க தூக்கம் கிடையாது, விரல்ல வெட்டுக்காயம் ஆறாது, செஞ்ச மாடலைக் கண்ணு முன்னாலேயே பிச்சுப் போடுவாங்க” என்று சீனியர்கள் முதல் நாளே பயமுறுத்தினார்கள். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி?”

அக்கா சிரித்து மழுப்பினாள்.

முதல் மதிப்பீட்டு நாள் வந்தது. அறுபது பிள்ளைகள் படிக்கும் மூன்று மாடி டியூஷன் சென்டரை அட்டையில் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் வளைவும் கண்ணாடியுமாக அசத்தியிருந்தார்கள். அக்காவின் மாடல் வெறும் பெட்டி. அதன் இரு முனைகளிலும் அகலமான படிக்கட்டுகள்.

ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். “பாதி இடத்தைப் படியே முழுங்கிடுச்சேக்கா! அறுபது பேருக்கு ஒண்ணு போதாதா?” ஒரு படிக்கட்டைப் பிய்த்து மேசைமேல் வைத்தார். “இப்ப பாருங்க, எவ்வளவு இடம் மிச்சம்!”

வகுப்பு சிரித்தது. அக்கா பிய்த்ததை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு போதும்னுதான் என் பொண்ணு படிச்ச டியூஷன் சென்டர்லயும் கட்டினாங்க சார். தீப்பிடிச்சதும் அதுல புகை அடைச்சிடுச்சு. அவ மூணாவது மாடி ஜன்னல்ல நின்னு, ‘எந்தப் பக்கமா இறங்கணும்மா?’ன்னு கத்தினா. கீழ ரோட்டுல நின்ன எனக்குச் சொல்லத் தெரியல சார்.”