இரும்பா, எவர்சில்வரா?

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தனசேகரன், வீட்டு அடுப்படியில் தன் இங்கிலீஷ் இரும்புக் கத்தியை உருவினார். மைத்துனன் வேலாயுதம் ஜப்பான் எவர்சில்வர் கத்தியை நீட்டினான்.

“எந்தக் கத்தி ஒசத்தின்னு பாத்துடலாம். தோத்தவன் மீசையை எடுக்கணும், மச்சான்!”

“இப்பவே சவர சோப்பைக் கரைச்சு வைங்க, மாமா!”

தனசேகரனின் மனைவி பூவம்மா நடுவரானாள். “நல்ல கத்தியில வெட்டினா கண்ணு எரியாது. யாரு கம்மியா அழுறீங்கன்னு பாக்குறேன்” என்று ஆளுக்கொரு கூடை வெங்காயத்தை நகர்த்தினாள்.

கூடைகள் காலியானபோது இரண்டு மீசையிலும் கண்ணீர் சொட்டியது.

“யாரு ஜெயிச்சது?” என்றார் தனசேகரன் மூக்கை உறிஞ்சியபடி.

பூவம்மா ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்குக் கத்தினாள். “ரத்தினம்மாக்கா! சமையல்காரர் வராட்டிப் போறாருலா! உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வெங்காயம் ரெடி!”

“அடிப்பாவி! அப்ப பந்தயம்?” என்றார் தனசேகரன்.

“ரெண்டும் சமம்லா. பூசணிக்காயில பாத்துக்கலாம், கத்தியைத் துடைங்க.”